அப்பாவின் பழைய கிட்டார்: என்ன கோளாறு, எங்கே கை வைப்பது

பினாங்கில் பழைய வீடு மாறும்போது அலமாரிக்கு மேலேயிருந்து ஒரு கிட்டார் இறங்குவது வழக்கம். எங்கள் வீட்டில் அது ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்கியது. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, எழுபதுகளில் வாங்கிய கப்போக். சீனாவின் குவாங்சௌ நகரில் செய்த கிட்டார். மலிவாகக் கிடைத்ததால் இங்கே வீட்டுக்கு வீடு பரவி, மலாய்க்காரர்கள் எந்த மரக் கிட்டாரையும் 'கித்தார் கப்போக்' என்றே அழைக்கும் அளவுக்குப் பெயர் நின்றுவிட்டது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் இசைக்குழு இதே ஊரிலிருந்து கிளம்பியது. நம் பையன்கள் அதைப் பார்த்துக் கிட்டார் வாங்கிய காலம் அது.

அப்பா போன பிறகு பதினோரு வருஷம் அது யார் கையும் படாமல் கிடந்தது. அதை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு எட்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு உறவினர் வீடுகளிலிருந்து வந்த இன்னும் நான்கு கிட்டார்களைப் பார்த்துவிட்டேன். கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கிட்டாரில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

முதலில் கம்பிகளைத் தளர்த்துங்கள். கம்பியை முறுக்கும் ஆறு கீயையும் ஒவ்வொன்றாக, சுற்றிச் சுற்றி, எல்லாக் கம்பியும் தொங்கும்வரை. இறுக்கமாக இருக்கும் கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்ட வேண்டாம். துரு ஏறிய கம்பி சுண்டி முகத்துக்கு வரும். 12-53 அளவுள்ள (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053) இரும்புக் கம்பி முழுச் சுருதியில் ஏறக்குறைய 73 கிலோ இழுவையைக் கொடுக்கிறது. ஏழு 10 கிலோ அரிசி மூட்டையை அந்தச் சின்னப் பலகையில் வருஷக்கணக்கில் தொங்கவிட்டதற்குச் சமம். பழைய கிட்டாருக்கு வரும் நோய்களில் பாதி இந்த இழுவையால் வருவது. மீதிப் பாதி நம் ஊர் ஈரத்தால்.

அடுத்து, அது எந்த வகைக் கிட்டார் என்று பாருங்கள். தலைப் பகுதியில் இரண்டு நீளமான துளை வெட்டி, கழுத்து அகலமாக (உச்சியில் 50 மி.மீ.க்கு மேல்) இருந்து, கம்பியைப் பிரிட்ஜில் (மேல்பலகையில் ஒட்டியிருக்கும், கம்பியின் அடிமுனையைப் பிடிக்கும் மரத்துண்டு) முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலான் கம்பிக்காகச் செய்தது. அதன் இழுவை 40 கிலோ அளவுதான். அதில் இரும்புக் கம்பி போட்டால் பிரிட்ஜ் பிய்ந்துவிடும். கழுத்து 43 மி.மீ. அளவில் குறுகலாக இருந்தால் இரும்புக் கம்பிக் கிட்டார். 'ஏதோ ஒரு கம்பி' என்று போட்டதால் மேல்பலகை வயிறுபோல் வீங்கிய கிட்டார்கள் இரண்டு என்னிடம் வந்தன.

மூன்றாவது, மேல்பலகை முழு மரமா, பிளைவுட்டா? நடுத் துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை அப்படியே விளிம்பு வழியாகக் கீழே இறங்கினால் முழு மரம். பிஸ்கட் அடுக்கியதுபோல் மூன்று அடுக்கு தெரிந்தால் பிளைவுட். அப்பாவுடையது பிளைவுட். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நம் ஈரத்தில் பிளைவுட் அவ்வளவு சுலபமாக விரிவதில்லை. அது இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளே இருக்கும் புழுதிக்குப் பாட்டி காலத்து வழி போதும். ஒரு குவளை பச்சரிசியை நடுத் துளை வழியாகப் போட்டு, கிட்டாரை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்து, கவிழ்த்துக் கொட்டுங்கள். புழுதி அரிசியோடு வந்துவிடும். எங்களுடையதில் அரிசியோடு கம்பியை மீட்டும் பிக் ஒன்றும், பத்து சென் காசும், பல்லி முட்டை ஓடும் வந்தன. அப்புறம் கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, துளைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். உள்ளே குறுக்கே ஒட்டியிருக்கும் மரச் சட்டங்கள் எல்லாம் ஒட்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று நிதானமாகப் பார்க்க முடியும்.

பூசணமும் வாடையும்

இது பார்க்கத்தான் பயம், வேலை சுலபம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான தூரிகையால் காய்ந்த பூசணத்தைத் தட்டிவிடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், சில பழைய பாலிஷ் அதில் கரையும்.

அப்புறம் இரண்டு நாள் நிழலில், மின்விசிறிக் காற்றில் வைக்கலாம். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். காரிலும் விட்டுவைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் 60 பாகையைத் தொடும். பழைய பசை இளகத் தொடங்கும் சூடு அது.

விரல் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். எங்கள் அத்தையும் சொன்னார். தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் போய்க் காறிப்போகும், பிசுபிசுக்கும். ரோஸ்வுட் பலகையாக இருந்தால் குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில் நாலு துளி போதும். அது கனிம எண்ணெய், கெட்டுப்போகாது. துணியில் கறுப்புச் சாயம் ஒட்டினால் அது சாதா மரத்துக்குச் சாயம் ஏற்றிய பலகை. அதற்கு எண்ணெயே வேண்டாம்.

மாவு கொட்டுகிறது

குண்டூசித் தலையளவு ஓட்டைகள், கீழே மெல்லிய மாவு. மரம் உளுத்துப்போக ஆரம்பித்ததன் அடையாளம். முதலில் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மாவைத் துடைத்துவிட்டு, கறுப்புத் தாள்மேல் வைத்து ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். புது மாவு விழவில்லை என்றால் அது பழைய கதை, விட்டுவிடலாம். விழுந்தால் மற்ற மரச்சாமான்களிடமிருந்து அன்றே பிரித்து வையுங்கள்.

அருங்காட்சியகங்களில் செய்வதுபோல் குளிரில் வைத்துப் பூச்சியைக் கொல்லலாம். கனத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக மூடி, படுக்கைவாட்டுக் குளிர்பெட்டியில் -20 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க வையுங்கள். வியர்வை பைக்கு வெளியே படியட்டும், மரத்தில் வேண்டாம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பழைய லாக்கர் பாலிஷ் அந்தக் குளிரில் சிலந்தி வலைபோல் வெடிக்கக்கூடும். விலையுயர்ந்த கிட்டாராக இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

கம்பி உயரமாக நிற்கிறது, அழுத்தினால் விரல் வலிக்கிறது

பத்துக் கிட்டாரில் எட்டுக்கு இதுதான் புகார். 'அப்பா எப்படித்தான் இதை வாசித்தாரோ' என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர் வாசித்தபோது இப்படி இருந்திருக்காது.

முதலில் அளந்துவிடுங்கள். கம்பியைச் சுருதிக்கு ஏற்றி, 12-ஆவது ஃபிரெட்டின் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் உள்ள இடைவெளியை இரும்பு ஸ்கேலில் பாருங்கள். தடித்த ஆறாவது கம்பியில் 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் 2 மி.மீ. அளவில் இருந்தால் நல்ல நிலை. அப்பாவுடையதில் 5 மி.மீ. இருந்தது.

இந்த உயரத்துக்கு நான்கு காரணம் இருக்கலாம். எது என்று தெரியாமல் எதையும் ராவ வேண்டாம். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

கழுத்து வளைந்திருக்கிறதா? ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும், உடம்போடு கழுத்து சேரும் 14-ஆவது ஃபிரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே உங்களுக்கு நேர்க்கோடு. நடுவில் 7-ஆவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பார்க்க ஏ4 தாள் போதும். 80 கிராம் தாள் ஒன்றின் கனம் 0.1 மி.மீ. இரண்டு தாள் உரசாமல் நுழைந்தால் சரியான வளைவு. ஆறேழு தாள் நுழைந்தால் கழுத்து வில்லாகிவிட்டது. கழுத்துக்குள் சரிசெய்யும் கம்பி, அதாவது டிரஸ் ராட் இருந்தால், அதை வலப்புறமாகக் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். எதிர்த்தால் நிறுத்துங்கள், உடைந்தால் கழுத்தையே திறக்க வேண்டியிருக்கும். பழைய மலிவுக் கிட்டார்கள் பலவற்றில் திருப்பக்கூடிய டிரஸ் ராடே கிடையாது. அப்பாவுடையதிலும் இல்லை. இருந்தாலும் அதன் வளைவு மூன்று தாள்தான். ஆகவே குற்றவாளி கழுத்து இல்லை.

வயிறு வீங்கியிருக்கிறதா? பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். லேசான மேடு எல்லா இரும்புக் கம்பிக் கிட்டாருக்கும் உண்டு. ஸ்கேலின் இரண்டு முனையிலும் விரல் நுழையும் அளவுக்கு மேடாக இருந்தால் உள்ளே சட்டம் விட்டிருக்கும். கைமூட்டால் மேல்பலகையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். சட்டம் விட்ட இடத்தில் 'டொக்' என்பதற்குப் பதிலாக 'டர்' என்று கேட்கும்.

கழுத்தின் சாய்வு மாறிவிட்டதா? நீளமான இரும்பு ஸ்கேலை ஃபிரெட்டுகள்மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் பக்கம் நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். மரத்தின் நெற்றியில் போய் முட்டினால் கழுத்து முன்னுக்குச் சாய்ந்துவிட்டது. இதுதான் பெரிய வேலை. கழுத்தைக் கழற்றி, அடியைச் செதுக்கி, மறுபடி பொருத்த வேண்டும். நல்ல முழுமரக் கிட்டாருக்கு அந்தச் செலவு தகும். கப்போக் மாதிரி கிட்டாருக்குக் கூலி கிட்டார் விலையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டதற்கு இன்னொரு வழி உண்டு: ஆறு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு வாசிப்பது. சுரம் பழைய இடத்திலேயே இருக்கும், இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இந்த மூன்றும் இல்லையென்றால் சேடில்தான் உயரம், அதாவது பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டு. கணக்கு எளிது. 12-ஆவது ஃபிரெட்டில் 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. குறைய வேண்டும். சேடிலை உருவி, அடியில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிமேல் விரித்த 120-ஆம் எண் உப்புத்தாளில் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள். கையைச் சாய்க்காமல் நேராகத் தேய்க்க வேண்டும்; அடி கோணலானால் ஒலி பலகைக்குப் போகாது. கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தி, போட்டுப் பாருங்கள். பிரிட்ஜ் மரத்துக்கு மேலே குறைந்தது 2 மி.மீ. சேடில் தெரிய வேண்டும்.

அப்பாவுடையதில் பாதிக் காரணம் சேடில், பாதி வயிறு. 5 மி.மீ.ஐ 3-க்குக் கொண்டுவந்தேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

பிரிட்ஜின் பின்விளிம்பு எழும்பியிருக்கிறது

பிரிட்ஜின் பின்பக்கம் தாள் முனையை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் நிம்மதி. கொஞ்ச தூரம் நுழைந்தால் இன்றே கம்பியைத் தளர்த்துங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான். கிட்டாரைத் துடைத்த சந்தோஷத்தில் புதுக் கம்பி வாங்கினேன். கடையில் 12-53 கொடுத்தார்கள், போட்டு முழுச் சுருதிக்கு ஏற்றினேன். பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த சித்தப்பா பார்த்துவிட்டு, "தம்பி, அண்ணன் வாசிச்சு முடிச்சா ரெண்டு சுத்து இறக்கிட்டுத்தான் வைப்பாரு. நீயும் இறக்கி வைய்யா" என்றார். "புதுக் கம்பி சித்தப்பா, அடிக்கடி இறக்கினா சுருதி நிக்காது" என்று சொல்லி அப்படியே வைத்தேன். மூன்றாவது வாரம் இரவு இரண்டு மணிக்கு, கூடத்தில் ஏதோ பலகை முறிந்த மாதிரி சத்தம். பிரிட்ஜ் பாதி எழும்பி, மேல்பலகையின் மெல்லிய தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு நின்றது.

நன்றாக ஒட்ட வேண்டுமானால் முழுவதும் எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். எழும்பிய இடுக்கில் சூப்பர் குளூ ஊற்றினால் அது பழைய பசைமேல்தான் படியும், அடுத்த முறை மரத்தோடு பிய்யும்.

எடுப்பதற்கு முன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் போதும். பிறகு பிரிட்ஜின் முகத்தில் முத்துப்போன்ற வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவற்றை நம்பாதீர்கள். எங்களுடையதில் இரண்டு புள்ளி இருந்தன. அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு கத்தியை அடியில் விட்டேன், ஓரிடத்தில் டக்கென்று இரும்பில் மோதியது. ஊசியால் புள்ளியைக் கிளப்பினால், பட்டாணி அளவு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் துருப்பிடித்த ஸ்க்ரூ தலை. உள்ளே கையை விட்டால் மறையும் வாஷரும். அதைக் கழற்றிய பிறகுதான் பிரிட்ஜ் அசைந்தது.

சூட்டுக்கு இஸ்திரிப்பெட்டி போதும். பிரிட்ஜ்மேல் ஈரமில்லாத துணியை மடித்து வைத்து, சுற்றிலும் அலுமினியத் தாள் போட்டுப் பாலிஷைக் காப்பாற்றி, நடுத்தரச் சூட்டில் இரண்டு நிமிடம் வையுங்கள். மெல்லிய தோசைக் கரண்டி மாதிரியான தகட்டை எழும்பிய பக்கமிருந்து, மர ரேகையின் போக்கிலேயே, தள்ளித் தள்ளிப் போங்கள். மறுபடி சூடு, மறுபடி தகடு. எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அவசரப்பட்டால் பிளைவுட்டின் தோல் அடுக்கு அதோடு வரும்.

இரண்டு பக்கமும் பழைய பசை சுத்தமாகப் போக வேண்டும். வெள்ளைப் பசையாக இருந்தால் வெதுவெதுப்பான வினிகர் துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டலாம். புதுப் பசை மரத்தோடு மரத்தை ஒட்டவேண்டுமே தவிர, பாலிஷோடு இல்லை. பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் பாலிஷ் இருந்தால் அதையும் சுரண்டுங்கள். மரவேலைக்கு விற்கும் மஞ்சள் பசை போதும், மெல்லிய பூச்சாக. மேலே ஒரு மரக்கட்டை, துளை வழியாக உள்ளே ஒரு மரக்கட்டை, நடுவில் ஆழமான வாயுள்ள கிளாம்ப். ஓரத்தில் வழியும் பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பசை காய நேரமாகும். ஒரு முழு நாள் கிளாம்பில் வைத்தேன், கம்பி போட நான்கு நாள் பொறுத்தேன். இந்த முறை 10-47 அளவு. இழுவை 60 கிலோவை ஒட்டித்தான் வரும். இப்போது வாசித்து முடித்ததும் இரண்டு சுற்று இறக்கித்தான் வைக்கிறேன்.

கிர்ரென்று இரைகிறது

எங்கே இரைகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் என்றால், அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கிறது. வங்கி அட்டையின் ஓரத்தை மூன்று ஃபிரெட்டுகள்மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடுவில் இருப்பதுதான் உயரம். அதன் முனையை விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா? அமுங்கினால் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டி, அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணியான சூப்பர் குளூ ஒரு துளி விடுங்கள். சூப்பர் குளூவுக்கு இந்த வேலையில் உள்ள சில நியாயமான இடங்களில் இது ஒன்று. பக்கத்து மரத்தில் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள்.

முதல் ஐந்து ஃபிரெட் முழுக்க இரைந்தால் கழுத்து தேவைக்கு மேல் நேராகிவிட்டது, டிரஸ் ராடை இடப்புறமாகக் கால் சுற்று. இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறையிலும், மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியிலும் இது தலைகாட்டும். மரம் காய்ந்து மேல்பலகை தாழ்வதால் கம்பியும் தாழ்கிறது. ஈரம் திரும்பினால் தானாகவே போய்விடும். ஆகவே அந்த மாதங்களில் சேடிலை மாற்ற ஓடாதீர்கள்.

எந்த ஃபிரெட் என்றில்லாமல் குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் இரைந்தால் ஏதோ ஒன்று தளர்ந்து அதிர்கிறது: கீயின் வாஷர், துளையருகே ஒட்டியிருக்கும் பிக்கார்டின் ஓரம், பிரிட்ஜ் போல்ட்டின் மறை, கம்பியின் வெட்டாத முனை, உள்ளே விட்ட சட்டம். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நிற்கும் இடத்தில் ஆள் இருக்கிறான்.

அழுத்தாத கம்பி மட்டும் இரைந்தால், கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் துண்டான நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. எங்களுடையதில் மூன்றாவது கம்பி அப்படி இரைந்தது. நட்டைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டிக் கழற்றினேன். அடியில் நான்காக மடித்த தாள் துண்டு, தேநீர் நிறத்தில். பிரித்தால் தமிழ் நாட்காட்டித் தாள். 'எம' என்று பாதி எழுத்து, அதற்குக் கீழே ஒரு நேரம். அப்பா இதே இரைச்சலைக் கேட்டிருக்கிறார், இதே இடத்தைத் திறந்திருக்கிறார், அன்றைக்குக் கிழித்த தாளை மடித்து வைத்து நட்டை உயர்த்தியிருக்கிறார். வருஷக்கணக்கில் அமுங்கி அந்தத் தாள் கனம் இழந்துவிட்டது. வழி சரியான வழிதான். தாளுக்குப் பதிலாக மெல்லிய மரச்சீவலை வெட்டி வைத்தேன். ஒரே பள்ளம்தான் கெட்டிருந்தால் சமையல் சோடாவைப் பள்ளத்தில் அடைத்து, தண்ணியான சூப்பர் குளூ ஒரு துளி விட்டால் கல்லாக இறுகும். பிறகு ராவிச் சரிசெய்யலாம். அந்த நாட்காட்டித் தாள் இப்போது ஓர் உறையில், கிட்டார் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

சுருதி நிற்பதில்லை

புதுக் கம்பி இரண்டு நாள் இழுபடும், அது கோளாறில்லை. அதற்குப் பிறகும் இறங்கினால் கீயைப் பாருங்கள். கீயைச் சுற்றும்போது 'டிங்' என்று குதித்துச் சுருதி மாறினால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. 2பி பென்சிலைப் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள். கீ தகடே ஆடினால் ஸ்க்ரூ ஓட்டை அகலமாகிவிட்டது. சத்தே குச்சியை மெல்லிசாகச் சீவி, பசையில் தோய்த்து, ஓட்டையில் அடைத்து, காய்ந்ததும் மறுபடி முடுக்குங்கள். பல்சக்கரத்தில் பல்துலக்கும் பிரஷ் போட்டு அழுக்கை எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி. பல் உடைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். காலையில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போய் உடைந்த கிட்டார் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

மேலே போகப் போகச் சுருதி தப்புகிறது

12-ஆவது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும், அங்கேயே அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தினால் ஏறிப்போகிறதா? முதலில் கம்பியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள், உயரம் இறங்கினாலே பாதி சரியாகிவிடும். பழைய, துருப்பிடித்த கம்பியாலும் இது வரும். அதற்கும் அசையாவிட்டால் நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் வரை அளந்து, அதே நீளத்தை அங்கிருந்து சேடில் வரை வைத்துப் பாருங்கள். சேடில் அந்த அளவைவிட 2 முதல் 4 மி.மீ. தள்ளி, தடித்த கம்பிப் பக்கம் சற்று அதிகமாக இருக்க வேண்டும். பிரிட்ஜை எப்படியும் கழற்றி ஒட்டப் போகிறீர்கள் என்றால் இதை அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிசல்

பாலிஷில் மட்டும் ஓடும் மயிரிழைக் கோடு விரிசல் அல்ல. அறையை இருட்டாக்கி, கிட்டாருக்குள் விளக்கை விட்டுப் பாருங்கள். வெளிச்சம் கோடாகத் தெரிந்தால்தான் மரம் விட்டிருக்கிறது. பசையை விரலால் தேய்த்துக்கொண்டே, உள்ளிருந்து மெல்ல அழுத்தி அழுத்தி விட்டால் விரிசல் அதைக் குடித்துக்கொள்ளும். இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்தில் சேர்த்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள். உள்பக்கம் தபால்தலை அளவு மெல்லிய மரத் துண்டுகளை, ரேகை குறுக்காக வரும்படி, விரல் நீள இடைவெளியில் ஒட்டினால் மறுபடி ஓடாது. மரத்தூளும் எப்பாக்சியும் அடைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பிறகு யாரும் அதைச் சரியாகத் திறந்து ஒட்ட முடியாது.

பாலிஷ் தேய்ந்து வெள்ளை மரம் தெரிகிறது

துளைக்குக் கீழே, பிக் உரசும் இடத்தில் தேய்ந்திருந்தால் தொடாதீர்கள். உப்புத்தாள் போட்டு முழுக்கத் தேய்த்து வார்னிஷ் அடித்துப் புதுசுபோல் ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் எனக்கு விலை சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். கனத்த வார்னிஷ் மேல்பலகையின் அதிர்வை அமுக்கிவிடும், ஒலி அடைத்துப்போகும். தவிரவும் அப்பாவின் விரல் நகம் ஒரு பிறைபோல் தேய்த்து வைத்திருக்கும் இடம் அது. அழுக்கை மட்டும் ஈரத்துணியால் எடுத்தேன். மரம் நார்நாராகப் பிரிய ஆரம்பித்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஷெல்லாக் மெல்லிய பூச்சு இரண்டு போடலாம்.

இனி எங்கே வைப்பது

கிட்டாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. எங்கள் கூடத்தில் மழை நாளில் 85-ஐத் தாண்டுகிறது. இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கிக் கிட்டார் பெட்டிக்குள் போடுங்கள். வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், மழை ஈரம் சுவர் வழியே வரும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பைகள் வைக்கலாம். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானதும் ஓவனில் 120 பாகையில் உலர்த்தி மறுபடி பயன்படுத்துங்கள். அலமாரியில் வைக்கிற, ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராக நிரம்பும் டப்பாக்களை மட்டும் பெட்டிக்குள் விடாதீர்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. அந்த உப்புத் தண்ணீர் ஒருமுறை கவிழ்ந்தால் கம்பியும் ஃபிரெட்டும் அரித்துப்போகும். 45-ஐத் துரத்திக்கொண்டு ஓடவும் தேவையில்லை. எங்கள் பெட்டிக்குள் இப்போது 58-லிருந்து 62-க்குள் நிற்கிறது. ஆறு மாதமாகக் கம்பியின் உயரம் அதே 3 மி.மீ.